பஞ்சுக்கு எட்டாத சுண்டுவிரல்

காலையில் பள்ளிக்கூட வாசலில் ஒரு கம்பம் நிற்கும். ஒவ்வொரு பிள்ளையும் அதன் முன்னால் நின்று தலையை முதலில் இடப்பக்கமும் பிறகு வலப்பக்கமும் சாய்க்க வேண்டும். இரண்டு காதிலும் இன்செவி என்ற செருகி சரியாகப் பொருந்தியிருந்தால் கம்பத்தில் பச்சை விளக்கு எரியும், உள்ளே போகலாம். ஜெசிந்தாவின் வலது காதுத் துவாரம் சின்னது. தலையைச் சாய்த்த மறுநொடி அந்தச் சனியன் நழுவிக் கீழே விழும். கம்பம் சிவப்பைக் காட்டும். அவள் குனிந்து பொறுக்கி, ஊதி, திரும்பவும் காதில் திணிப்பதற்குள் பின்னால் வரிசை சாலை வரைக்கும் நீண்டுவிடும்.

அவ்வளவு பேர் வெயிலில் நிற்கிறார்களே, ஒருவராவது முகம் சுளிக்க வேண்டாமா? கிடையாது. "மெதுவா போடுங்க, ஒண்ணும் அவசரமில்லைங்க" என்று பின்னால் நிற்கும் பையன் தேன் வடியச் சொல்வான். இதுவே தூத்துக்குடியாக இருந்தால், "ஏட்டி, அது என்ன காதா, எலி வளையா?" என்று கேட்டிருப்பான். இவளும் வட்டியோடு திருப்பிக் கொடுத்திருப்பாள். முதல் மணி அடிப்பதற்குள் இரண்டு பேரும் பேசிப் பழகியிருப்பார்கள். இங்கே மூன்று வாரமாக அதே பையன், அதே தேன். அவன் பெயர் என்ன என்றுகூட அவளுக்குத் தெரியாது.

கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் புதிதாக எழுந்த அடுக்கு நகரம் அது. தூத்துக்குடியில் ஜெசிந்தாவின் தெருவுக்குள் கடல் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்பா கடலணை கட்டும் வேலைக்காக அங்கேயே தங்கிவிட்டார். அம்மா கொரெற்றிக்கு இந்த நகரத்தின் குடிநீர்ப் புகார் மையத்தில் வேலை கிடைத்தது. மகளை எட்டாம் வகுப்பில் சேர்த்த அன்று, வாசலில் இருந்தவர் அவள் கையில் ஒரு சின்ன டப்பியைக் கொடுத்தார். "இன்செவி, கண்ணு. இதப் போட்டா எல்லாம் நல்லா கேட்கும்" என்றார். பிள்ளைகள் அதைப் பஞ்சு என்றார்கள். ஊரில் இல்லாத சாமான், புது ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று அவளும் மாட்டிக்கொண்டாள்.

நல்லாத்தான் கேட்டது. அதுதான் தொல்லை. மூன்று வாரத்தில் அவள் காதில் ஒரு கெட்ட சொல் விழவில்லை. தலைமுடி அழகு என்றார்கள், பேச்சு அழகு என்றார்கள், மத்தியானம் மாசிக்கருவாட்டுச் சம்பல் டப்பாவைத் திறந்தால் "ஆகா, என்ன வாசமுங்க!" என்றார்கள். சொல்லிவிட்டு ஒவ்வொருவராக எழுந்து அடுத்த மேசைக்குப் போனார்கள். அவள் மட்டும் தனியாக உட்கார்ந்து அந்த வாசமான சம்பலைத் தின்றாள். இவ்வளவு பிடித்திருந்தால் ஏன் ஓடுகிறார்கள்? கூப்பிட்டுக் கேட்டால் "கொஞ்சம் வேலை இருக்குதுங்க" என்று பதில் வரும். தினமும் மத்தியானச் சோற்றுக்கு நேராக ஒரு வகுப்புக்கே என்ன வேலை வரும் என்று அவளுக்கு மண்டை காய்ந்தது.

இன்னொன்றும் அவளுக்கு விளங்கவில்லை. இந்தப் பிள்ளைகள் பேசும்போது எதிரே இருப்பவரின் நெற்றியைப் பார்த்தார்கள். ஜெசிந்தா கடற்கரைக்காரி. அங்கே காற்று பாதிப் பேச்சைத் தின்றுவிடும். அதனால் வாயைப் பார்த்துப் பேசித்தான் அவளுக்குப் பழக்கம். இங்கே அவள் யார் வாயைப் பார்த்தாலும் அவர்கள் கையால் வாயை மறைத்தார்கள். ஏதோ குளிக்கிற இடத்தில் எட்டிப் பார்த்துவிட்டதுபோல அவளுக்கே கூச்சமாக இருந்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தவள் இன்முகி. சுருட்டை முடி, மூக்கு நுனியில் ஒரு மச்சம், கையில் எப்போதும் ஓர் எழுதுகோல். அந்த எழுதுகோலால் பாடவேளை முழுவதும் மேசையில் டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருப்பாள். முதல் வாரம் ஜெசிந்தா பொறுத்துப் பார்த்தாள். இரண்டாம் வாரம் பல்லைக் கடித்தாள். மூன்றாம் வாரம் ஒரு புவியியல் வகுப்பில் அவளால் முடியவில்லை.

"ஏட்டி, தட்டுதத நிறுத்துதியா? மண்டைக்குள்ள ஆணி அடிக்க மாரி இருக்கு."

இன்முகியின் முகம் மலர்ந்தது. "தாளம் அவ்வளவு பிடிச்சிருக்குதுங்களா? நன்றிங்க!" என்று சொல்லிவிட்டு இன்னும் பலமாகத் தட்டினாள்.

ஜெசிந்தாவுக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் வந்தது. வேண்டுமென்றே ஒன்று சொல்லிப் பார்த்தாள். "உன் மூஞ்சி அவிச்ச பனங்கிழங்கு மாரி இருக்கு."

"ஐயோ, போங்க! எனக்கு வெக்கமா இருக்குதுங்க" என்று இன்முகி குழைந்தாள்.

அப்போது ஜெசிந்தா அவள் வாயைப் பார்த்தாள். வாய் இரண்டு சொல்லுக்கு மேல் அசையவில்லை. காதில் விழுந்ததோ ஒரு முழு வாக்கியம், கூடவே அந்த 'ங்க'. இவள் குரல்தான், ஆனால் இவள் பேச்சில்லை.

இடைவேளையில் இன்முகியைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துப்போய்க் கேட்டாள். இன்முகிக்குத்தான் ஆச்சரியம். இது தெரியாத ஆளும் உண்டா?

"பஞ்சு அதுக்குத்தானுங்களே! மனசு நோகற மாதிரி யாராவது பேசினா, அது நோகாத மாதிரி மாத்திக் குடுத்துருமுங்க. அவங்கவங்க குரல்லயே குடுக்கும். எழுத்தெல்லாம் கைப்பலகையிலதான், அதையும் அப்படியே மாத்திக் காட்டிருமுங்க. சுடுசொல் தடைச் சட்டம் வந்ததுல இருந்து எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இருக்குதுங்க. உங்க ஊருக்கு இன்னும் வரலீங்களா?"

பேச்சின் காரத்தை மட்டும் எடுக்கும், பொருளை மாற்றாது என்று அதை விற்பவர்கள் சொல்வார்களாம். காரத்தை எடுத்தால் சில பேச்சில் மிச்சம் ஒன்றும் இருக்காது. அந்த வெற்றிடத்தை அது தன் கைச்சரக்கைப் போட்டு நிரப்பிக்கொள்ளும். தட்டாதே என்பது தாளம் நன்று ஆனது அப்படித்தான். அப்படியென்றால் சம்பல்? தலைமுடி? மெதுவா போடுங்க? ஜெசிந்தா தலையில் கைவைத்துத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அப்பம் யாரு நெசமா என்ன சொல்லுதாங்கன்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கிடுவீங்க?"

"எதுக்குங்க தெரிஞ்சுக்கணும்?" இன்முகி நெற்றியைப் பார்த்தே கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "என்ற அக்கா இதே பள்ளிக்கூடத்துலதான் படிச்சா. அப்ப பஞ்சு இல்லீங்க. ஒல்லியா இருப்பா. பல்லி, பல்லின்னே கூப்பிட்டாங்களாம். சுவத்துல எல்லாம் பல்லி வரைஞ்சு வெச்சாங்களாம். பாதி வருசத்துல நின்னுட்டா. பஞ்சு வந்த பொறகும் வாசப்படி தாண்டறதில்லீங்க. தூங்கும்போதும் கழட்ட மாட்டா."

அந்த அக்காவை நினைத்தால் ஜெசிந்தாவுக்குப் பாவமாக இருந்தது. பஞ்சை நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷி என்ன செய்வாள்?

"உங்க ஊர்ல சண்டை வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று இன்முகி கேட்டாள்.

"காய் விடுவோம்." ஜெசிந்தா சுண்டுவிரலை நீட்டி ஆட்டிக் காட்டினாள். "இப்படி. அதுக்குப் பொறவு பேச்சு கெடையாது. அவ இருக்க பக்கமே திரும்ப மாட்டோம்."

இன்முகிக்குக் கண் விரிந்தது. "பேசவே மாட்டீங்களா? எத்தன நாளைக்கு?"

"மனசு ஆறுத வரைக்கும். பொறவு ஆள்காட்டி வெரலு, நடு வெரலு ரெண்டையும் சேத்து நீட்டுனா பழம். அதோட சரியாப்போச்சு. எங்க தெரு ரெஜியும் நானும் எத்தன தடவ காய் விட்டிருப்போம், கணக்கே கெடையாது."

"அவங்க பழம் விடாமயே போயிட்டா?"

"போவ மாட்டாங்க."

"ஏனுங்க?"

இந்தக் கேள்வியை ஜெசிந்தாவிடம் யாரும் கேட்டதில்லை. "அது வந்து... தெரியாதவங்ககிட்ட எல்லாம் காய் விட முடியாது, பாத்துக்கோ. மொதல்ல ஃப்ரெண்டா இருக்கணும். ஃப்ரெண்டு கூடத்தான் காய் விட முடியும்" என்று மட்டும் சொன்னாள்.

"அப்ப நீங்களும் நானும் விட்டுப் பாக்கலாமுங்களா?" என்றாள் இன்முகி, புதுத் தின்பண்டம் ஒன்றை ருசி பார்க்கக் கேட்பதுபோல.

"அதெப்படி? நாம இன்னும் ஃப்ரெண்டு ஆவலியே."

இன்முகியின் முகம் பூவாக மலர்ந்தது. "எனக்கும் ரொம்பச் சந்தோசமுங்க!" என்றாள்.

அவள் காதில் என்ன விழுந்ததோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். ஜெசிந்தா தொட்டிச் சுவரில் நெற்றியால் மெதுவாக முட்டிக்கொண்டாள்.

நேராக வகுப்பாசிரியை சந்தானவல்லியிடம் போனாள். "மிஸ், இதக் கழட்டி வச்சிட்டு இருக்கட்டுமா? ஒரு நிமிசம்கூட முடியல மிஸ். பைத்தியமே பிடிச்சிரும் போல இருக்கு." சந்தானவல்லி மிஸ்ஸின் காதிலும் பஞ்சு இருந்தது என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மிஸ் அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். வகுப்பின் பக்கம் திரும்பி, "புதுசா வந்த பொண்ணுக்கு நம்ம பள்ளிக்கூடத்து மேல பைத்தியமாமா!" என்று அறிவித்தார். வகுப்பு முழுவதும் கை தட்டியது. ஜெசிந்தா அழக்கூட முடியாமல் போய் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா கொரெற்றி அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா பையை எறிந்துவிட்டுக் கொட்டித் தீர்த்தாள். இந்த ஊர் வேண்டாம், இந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம், எவளும் என்கூட உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்பதில்லை, எனக்கு ரெஜி வேண்டும், அப்பா வேண்டும்.

"நீ சந்தோசமா இருக்கது போதும் மக்கா" என்றாள் அம்மா, குழம்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இதே பதிலைத்தான் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இத்தனை நாளும் அம்மாவுக்கு வேலை அலுப்பு, காது கொடுத்துக் கேட்பதில்லை என்றுதான் ஜெசிந்தா நினைத்திருந்தாள். இன்றைக்கு அருகே போய் அம்மாவின் கூந்தலை ஒதுக்கிப் பார்த்தாள். காதுக்குள் சாம்பல் நிறத்தில் பஞ்சு உட்கார்ந்திருந்தது.

கத்தினால் அதுவும் இனிப்பாகத்தான் போய்ச் சேரும். அம்மாவின் முகத்துக்கு நேரே கையை நீட்டி, சுண்டுவிரலை ஆட்டினாள்.

அம்மாவின் கரண்டி நின்றது. அந்த விரலைப் பார்த்ததும் அவளுக்கு எத்தனை வயது குறைந்ததோ, முகம் சின்னப் பிள்ளையுடையதைப் போல வாடியது. "என்னட்டி? எங்கிட்ட எதுக்குக் காய்?" ஜெசிந்தா தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அம்மா தன் காதைத் தடவிப் பார்த்தாள், பதறிப்போய் இரண்டையும் பிடுங்கி எடுத்தாள்.

இந்த முறை ஜெசிந்தா சொன்னது எல்லாம் சொன்னபடி போய்ச் சேர்ந்தது. கேட்கக் கேட்க அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பள்ளிக்கூடம் நல்லாருக்குன்னுல்லா தினமும் சொன்ன?"

"நான் சொல்லல. அது சொல்லிச்சு."

"வேலைக்குப் போன மொத நாளு எங்கிட்ட இது இல்ல மக்கா. தண்ணி வரலன்னு ஒருத்தன் கூப்பிட்டான். எங்கம்மாவ எல்லாம் இழுத்து அப்படி ஒரு பேச்சு. மத்தியானம் கழிப்பறையில போயி அழுதேன். மறுநாள் அவங்களே இதக் குடுத்தாங்க. காதுல இருக்கதே மறந்துபோச்சு." அம்மா மகளின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். "பழம் விடுட்டி."

ஜெசிந்தா இரண்டு விரலை நீட்டினாள். அன்றிலிருந்து வாசல் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்தார்கள். வீட்டுக்குள் வருகிறவர் முதலில் அதில் பஞ்சைப் போட வேண்டும் என்பது சட்டம்.

வீட்டுக்குச் சட்டம் போட்டாயிற்று, பள்ளிக்கூடத்துக்கு யார் போடுவது? அடுத்த வாரம் அறிவியல் கண்காட்சி வந்தது. பிள்ளைகள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து ஏதாவது ஒன்றின் சின்ன உருமாதிரியைச் செய்ய வேண்டும். இன்முகியும் ஜெசிந்தாவும் ஒரு ஜோடி, அவர்களுக்கு வந்தது பனிவலை. நகரத்துக்கு மேலே மலையில் மைல் கணக்கில் வலை கட்டி, மூடுபனியைப் பிடித்துத்தான் குடிதண்ணீர் எடுத்தார்கள். அதையே சின்னதாகச் செய்ய வேண்டும். ஒரு சின்ன மோட்டார் பனிப்புகையை ஊதும், வலையில் பனி படிந்து சொட்டும், கீழே உள்ள வாய்க்கால் அதைத் தொட்டிக்குக் கொண்டுபோகும். வலை கட்டுவது ஜெசிந்தா. வலை கட்ட அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாய்க்காலும் மோட்டாரும் இன்முகி.

இன்முகி வீட்டில் வைத்து இரவு பகலாக அதைச் செய்து, கண்காட்சிக்கு முந்தின நாள் கொண்டுவந்தாள். வாய்க்கால் ஓரத்தில் குட்டிக் குட்டி மரம் எல்லாம் நட்டிருந்தாள். பார்க்க அவ்வளவு லட்சணம். ஆனால் சரிவு தலைகீழ். தண்ணீர் தொட்டிப் பக்கம் போகாது, நேரே மோட்டார் தலையில்தான் கொட்டும்.

"ஏட்டி, சரிவு தப்பா இருக்கு. தண்ணி மோட்டார்ல கொட்டி எல்லாம் பாழாப்போவும்."

"நன்றிங்க! ராத்திரியெல்லாம் முழிச்சுச் செஞ்சேனுங்க."

"நல்லா இல்லன்னு சொல்லுதேன்ட்டி! தப்பு! தப்பு!"

"ஐயோ, இவ்வளவு பாராட்டாதீங்க."

ஜெசிந்தா கையால் காட்டினாள். தண்ணீர் இப்படி ஓடும், இப்படிக் கொட்டும், டமால் என்று வெடிக்கும் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கண்ணும் காதும் வேறு வேறு சொன்னால் அந்த ஊரில் காது சொல்வதைத்தான் நம்புவார்கள். காதில் பாராட்டு, கண் எதிரே கையை விரித்து ஆடும் ஒருத்தி. இவள் சந்தோசத்தில் கூத்தாடுகிறாள் என்று இன்முகி நினைத்துக்கொண்டு தானும் கை தட்டினாள். ஜெசிந்தா வாய்க்காலைப் பிடித்துத் திருப்பப் பார்த்தாள். இன்முகி பதறிக் கையைத் தட்டிவிட்டாள். "நானே பாத்துக்கறேனுங்க" என்று காதில் விழுந்தது. வாய் சொன்னது அது இல்லை என்று ஜெசிந்தாவுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது.

கண்காட்சி அன்று கூடம் நிறைய ஆட்கள். பெற்றோர் வரிசையில் இன்முகியின் அம்மா, பக்கத்தில் தலை குனிந்தபடி ஒல்லியாக ஒரு பெண். அந்த அக்கா. வீட்டை விட்டு வராதவள் தங்கை செய்ததைப் பார்க்க வந்திருந்தாள். இன்முகி அவளைப் பார்த்துக் கையசைத்துவிட்டு மோட்டாரைப் போட்டாள்.

பனி கிளம்பியது. வலை வெள்ளையாகப் பூத்தது, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. இறங்கி, குட்டி மரங்களை எல்லாம் தள்ளிக்கொண்டு, நேரே மோட்டார் தலையில் கொட்டியது. ஒரு சீறல், கொஞ்சம் புகை, தீய்ந்த வாடை. வலை சரிந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

கூடம் முழுவதும் கை தட்டியது. "அருமையான முயற்சி!" என்றார் சந்தானவல்லி மிஸ்.

இன்முகி ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது, வாய் கோணியிருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. காதில் விழுந்ததோ, "பரவாயில்லைங்க, நீங்க நல்லாத்தான் வலை கட்டினீங்க" என்ற தேன். ஜெசிந்தாவால் இதற்கு மேல் தாங்க முடியவில்லை. இரண்டு காதிலிருந்தும் பஞ்சைப் பிடுங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"...எதுக்கு புள்ள பொய் சொன்னே? நல்லாருக்குது, நல்லாருக்குதுன்னு குதிச்சயே! தெரிஞ்சுதானே குதிச்சே? என்ற அக்கா எத்தன வருசம் கழிச்சு வெளிய வந்திருக்கறா தெரியுமா? அவ முன்னாடி என்ற மூஞ்சில கரியப் பூசிப்போட்டியே! மீன் நாத்தம் புடிச்சவளே! உன்னப் போயி ஃப்ரெண்டுன்னு நெனச்சேன் பாரு!"

முதன்முறையாக அவள் இன்முகியின் சொந்தப் பேச்சைக் கேட்டாள். 'ங்க' இல்லை, தேன் இல்லை. அது அவள் நினைத்ததைவிடக் கரடுமுரடு. மீன் நாற்றம் என்றது சுருக்கென்று தைத்தது, தைக்காமல் என்ன? ஆனால் அதற்குப் பின்னால் வந்த 'ஃப்ரெண்டு' என்ற வார்த்தை அதைவிட ஆழமாகப் போயிற்று.

"நான் சொன்னேன்ட்டி! கொட்டிரும்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்! தப்பு தப்புன்னு கத்துனேன்லா!"

சொல்லி முடிக்கும்போதே இன்முகியின் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்தாள். பஞ்சைக் கழற்றியது இவள்தானே, அவளில்லையே. அவள் காதில் இப்போது என்ன விழுந்திருக்கும்? அற்புதமாகச் செய்தாய் தோழி என்றா? உடைந்து புகைகிற பனிவலையின் முன்னால் நின்றுகொண்டு அற்புதம் என்றால் அதைவிடக் கேவலமான நக்கல் உலகத்தில் உண்டா? பேசிப் பயனில்லை என்று இன்முகிக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

அவள் கையை நீட்டினாள். சுண்டுவிரலை ஜெசிந்தாவின் மூக்குக்கு நேரே வைத்து, ஓங்கி ஒரு ஆட்டு ஆட்டினாள். காய்.

"அடடா, இது என்ன, அவங்க கடற்கரைப் பக்கத்து வணக்கமா?" என்று சந்தானவல்லி மிஸ் பூரித்துப் போனார். "எவ்வளவு அழகா ஒருத்தரை ஒருத்தர் பாராட்டிக்கறாங்க பாருங்க! எல்லாரும் செய்யுங்க!" உடனே கூடம் முழுவதும் சுண்டுவிரல்கள் எழுந்தன. வாசலில் தேன் வடிப்பவன், சம்பலைக் கண்டு ஓடியவர்கள், பெற்றோர், தலைமையாசிரியர் எல்லாரும் ஜெசிந்தாவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தபடி சுண்டுவிரலை ஆட்டினார்கள். ஒரு பள்ளிக்கூடமே ஒரே நேரத்தில் அவளோடு காய் விட்டது.

அது என்னவென்று அங்கே தெரிந்தவர்கள் இரண்டே பேர். இன்முகி அந்த விரல்களைச் சுற்றிலும் பார்த்தாள். பார்த்ததும் அவள் கோப முகத்தின் ஓரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதை அவள் அவசரமாக விழுங்கிக்கொண்டு, முகத்தை வெடுக்கென்று திருப்பி அக்காவிடம் போய்விட்டாள். ஜெசிந்தா அதைப் பார்த்துவிட்டாள்.

வீட்டுக்குப் போகும் ரயிலில் அவள் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தாள். இருந்தது, கொஞ்சம் மீன் வாடை இருக்கத்தான் செய்தது. அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் அழுதாள். இத்தனை வாரமாக ஒரு வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு இதை அவளிடம் சொல்லியிருக்கிறது, ஒருத்தியின் வாயிலிருந்துதான் அது அவளுக்குக் கிடைத்தது. இன்முகி கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. பழம் விடாமல் ஏன் போக மாட்டார்கள்? ஜெசிந்தாவுக்கு இப்போதே இறங்கி, அடுத்த வண்டி பிடித்து, அவள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் போலிருந்தது.

வாசலில் டம்ளருக்குள் பஞ்சைப் போட்டாள். ஏற்கெனவே அம்மாவுடையது அதில் கிடந்தது.

"அம்மா, எனக்கு ஒரு ஃப்ரெண்டு கெடச்சிட்டா."

கொரெற்றி ஈரக்கையோடு ஓடிவந்தாள். "யாருட்டி? என்ன சொன்னா?"

"இன்முகி. எங்கூடக் காய் விட்டிருக்கா."

அம்மாவுக்குச் சிரிப்பதா, கவலைப்படுவதா என்று தெரியவில்லை. "எப்பம் பழம் விடுவாளாம்?"

"தெரியல. பயங்கரக் கோவத்துல இருக்கா. நான் நாறுதேன்னு சொல்லிட்டா." ஜெசிந்தா மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்கும் எனக்குச் சம்பலே வைம்மா. பக்கத்துலதான உக்காரணும், நல்லா மோந்துக்கிடட்டும். என்ன வெள்ளனயே எழுப்பி விட்டுரு."

"தினமும் பள்ளிக்கூடம் போவ மாட்டேன்னு உயிர வாங்குவ. இப்பம் வெள்ளனயே போயி என்ன செய்யப் போற? அவதான் உங்கிட்டப் பேச மாட்டாளே?"

"அதுக்குத்தாம்மா" என்றாள் ஜெசிந்தா. "அவ எங்கிட்டப் பேசாம இருக்கத நான் பாக்க வேண்டாமா?"